சாக்கடலில் பெண் பார்த்தது

அன்புள்ள மகன் ஃபவ்வாஸுக்கு, உன் உம்மா கரக்கிலிருந்து எழுதுவது. அல்லாஹ்வின் சாந்தி உன் மீது உண்டாகட்டும். எல்லோரும் நலம் என்று எழுதித்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும், ஆகவே நலம். உன் வாப்பா நலம், ஆடுகள் நலம், மாடியில் ஒழுகிய இடத்துக்குத் தார் பூசியாகிவிட்டது, அதுவும் நலம். நீ அனுப்பிய படம் கிடைத்தது. பனிக்குள் நின்றுகொண்டு பல்லைக் காட்டுகிறாய், கழுத்தைச் சுற்றி ஒரு துணி இல்லை. அந்த ஊரில் உனக்குக் காய்ச்சல் வந்தால் நெற்றியில் கை வைத்துப் பார்க்க யார் இருக்கிறார்கள்? உள்ளுக்குள் கம்பளிச் சட்டை போடு, அரிக்கிறது என்று கழற்றி எறியாதே. ஆலையில் உன்னோடு வேலை செய்கிற துருக்கிக்காரனோடு சேர்ந்து சமைத்துச் சாப்பிடுவதாக எழுதியிருந்தாய். சாப்பிடு, ஆனால் உப்பைப் பார்த்துப் போடச் சொல். உப்பு என்று எழுதும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் அந்த ஹியாம் உனக்கு எழுதியிருப்பாள். டீச்சர் அல்லவா, அழகாக எழுதுவாள். அவள் எழுதியதை ஓரமாக வைத்துவிட்டு உன்னைப் பெற்றவள் எழுதுவதை முதலில் படி.

கட்டினால் அவளைத்தான் கட்டுவேன் என்று நீ எழுதினாய். ஒரு கல்யாண வீட்டில் ஒரே ஒரு தடவை பார்த்தாய், ஸ்வீடனில் போய் உட்கார்ந்துகொண்டு அவள்தான் என்கிறாய். என் மகன் ஆசைப்பட்டுவிட்டான் என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். ஆனால் ஊர் வாயை மூடுமா? ஹியாமும் அவள் உம்மாவும் மாதம் தவறாமல் மலையிறங்கிக் கடலுக்குப் போகிறார்கள், திரும்பும்போது அந்தக் கறுப்புச் சேற்றை டப்பா டப்பாவாக அள்ளிக்கொண்டு வருகிறார்கள் என்று ரொட்டிக் கடையில் என் காதில் விழுந்தது. மாதாமாதம் அந்த உப்புத் தண்ணீரில் போய் யார் கிடப்பார்கள், தோல் செதில் செதிலாக உதிர்கிறவர்கள்தான். வெளிநாட்டுக்காரர்கள் அதற்காகத்தானே விமானம் ஏறி வருகிறார்கள். டீச்சரும் கோடையில்கூட மணிக்கட்டு வரை கையை மூடிக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போகிறாள். எனக்கு வேறு என்ன தோன்றும்? நோய்க்காரியை என் மகன் தலையில் கட்டப் பார்க்கிறார்கள் என்றுதான் தோன்றியது. வாயால் கேட்டால் சத்தியம் செய்து மறுப்பார்கள். அதனால் கேட்க வேண்டியவர்களிடம் கேட்காமல் கடலிடமே கேட்பது என்று முடிவு செய்தேன்.

இந்த யோசனை எனக்குத்தான் வரும், உன் வாப்பாவுக்கு ஆயுசு முழுக்க யோசித்தாலும் வராது. அந்தத் தண்ணீர் பொய் சொல்லாது என்று உனக்குத் தெரியும். நகக்கீறல் இருந்தால்கூட நெருப்பை வைத்தது போல எரியும், செதில் வெடித்த தோல் என்றால் கேட்கவே வேண்டாம், கத்தல் கரக் கோட்டை வரை கேட்கும். முன்கூட்டியே சொல்லியிருந்தால் சர்க்கரையும் எலுமிச்சையும் காய்ச்சிக் கை காலில் போட்டு முடி எடுத்துவிட்டு, ஐயோ நேற்றுத்தான் எடுத்தேன், தண்ணீரில் கால் வைக்க முடியாது என்று சாக்குச் சொல்லிவிடுவாள். அதனால் வியாழக்கிழமை பொழுது சாயும் நேரத்தில்தான் ஆள் அனுப்பினேன், நாளைக்குத் தொழுகை முடிந்ததும் எல்லோருமாகக் கடலுக்கு இறங்கிக் கோழி சுட்டுச் சாப்பிடலாம் என்று. மறுக்க முடியாது, சம்பந்தம் பேசுகிற வீடு. தண்ணீரை அவள் சமாளித்துவிட்டாலும் கரையேறித் துணி மாற்றித்தானே ஆக வேண்டும், அப்போது போர்வை பிடிக்கிற பெண்களில் நானும் ஒருத்தி. போர்வைக்கு அந்தப் பக்கம் இருப்பது எனக்குத் தெரியாமல் போய்விடுமா. மாமியார் ஆகப்போகிறவர்கள் எல்லாரும் பார்ப்பதுதான், நான் கொஞ்சம் வெளிச்சத்தில் பார்க்க நினைத்தேன்.

அவர்கள் டாக்ஸியில் வந்தார்கள். ஹியாமின் வாப்பா அபூ அதீப் அம்மானுக்கு டாக்ஸி ஓட்டுகிறவர், பேச்சுக்கு ஒரு வார்த்தை, அதையும் யோசித்துத்தான் கொடுப்பார். அவர் மனைவி உம்மு அதீப் வண்டியிலிருந்து இறங்கியதும் வண்டியே ஒரு சாண் உயர்ந்தது. அந்த உடம்பு மிதப்பதற்கு உப்பு எதற்கு என்று நினைத்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். வந்ததும் என்னைக் கட்டிப்பிடித்து, "உம்மு ஃபவ்வாஸ், எங்களக் கூப்பிடணும்னு தோணுச்சே, எம் முட்டிக்கு இந்தச் சேறுதான் மருந்து, அது இல்லன்னா நான் படுத்த படுக்கைதான்" என்று சொல்லிக்கொண்டே என் தோளில் பாதி பாரத்தை இறக்கினாள். அப்போதே எனக்குச் சுருக்கென்றது, மாதாமாதம் கடலுக்குப் போகிறது மகளுக்காக இல்லை, இந்த மலைக்காக. ஆனால் அடுப்பில் ஏற்றிவிட்ட பானையை இறக்கி வைக்க எனக்கு மனமில்லை. நம் பிக்கப்பில் உன் வாப்பாவும் நானும் முன்னால், உன் தங்கை நவாலும் அவள் மாப்பிள்ளை மர்ஸூக்கும் பின்னால். மஸ்ரஆ ஊரைத் தாண்டி அந்தப் பெரிய பாறை இருக்கிறதே, ஆண்கள் அதற்கு இந்தப் பக்கம் கரி மூட்டினார்கள், நாங்கள் பாறைக்கு அந்தப் பக்கம் போனோம். நான் எப்போதும் போலக் கரையில் பாய் விரித்து உட்கார்ந்துகொண்டேன்.

நவாலைப் பற்றி உனக்குத் தெரியும், பிறந்ததிலிருந்தே மூக்கால் அழுகிறவள். என் அண்ணன் மகனுக்குக் கொடுத்தோம், அந்நியன் இல்லை, சொந்த ரத்தம். அவன் கொஞ்சம் முன்கோபி, எந்த ஆண்பிள்ளைதான் இல்லை. கல்யாணமான புதிதில் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். தேநீர் கொடுத்துத் திருப்பி அனுப்பினேன். மறுபடியும் வந்தாள், தேநீர்கூடக் கொடுக்காமல் அனுப்பினேன். அதற்குப் பிறகு வருவது நின்றது, நன்றாகக் குடும்பம் நடத்தப் பழகிவிட்டாள் என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு நான் எடுத்துக் கொடுத்த எலுமிச்சை நிற உடுப்பைத்தான் போட்டிருந்தாள். அவள் கல்யாணத்துக்கு நீ அனுப்பிய துணி, அதில் வந்தால் அந்த வீட்டுக்காரர்கள் கண்ணுக்கு நாமும் ஒரு மாதிரித் தெரிவோம் என்று நான்தான் சொல்லி அனுப்பியிருந்தேன். பிக்கப்பில் மலை வளைவுகளில் குலுங்கிக் குலுங்கி வந்தும் பின்பலகையில் முதுகைச் சாய்க்காமல் விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். இறங்கியதும், "என்னடி, எதையோ முழுங்குன மாதிரி வர்ற, முகத்தக் கொஞ்சம் நல்லா வச்சுக்க, ஆளுங்க பாக்குறாங்க" என்று சொல்லி அவள் முக்காட்டைச் சரி செய்துவிட்டேன்.

உம்மு அதீப் சேற்றை அள்ளி முட்டியில் பூசிக்கொண்டு கால் நீட்டி உட்கார்ந்துவிட்டாள், கொல்லையில் வெயிலுக்குக் காய வைத்த பூசணி மாதிரி. நான் ஹியாமைப் பார்த்து, போம்மா, இளம் வயசு, மிதந்துட்டு வா என்றேன். அவள் சிரித்துக்கொண்டே, "நான் மட்டும் தனியா எறங்கி என்ன மாமி பண்ண, நீங்களும் வாங்க" என்றாள். எனக்குத் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது என்றேன். "அப்ப நவால் அக்கா வரட்டும்" என்று பிடிவாதமாக நின்றுவிட்டாள். இவள் நழுவப் பார்க்கிறாள் என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது, பிடித்த பிடியை விட எனக்கு மனசு வரவில்லை. நவால், நீயும் எறங்கு என்றேன். எனக்கு வேண்டாம் உம்மா என்றாள். எறங்குடி, அண்ணி ஆகப்போறவ கூப்பிடுறா, கொள்ளை போகுதா உனக்கு என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். இதை நீ கவனமாகப் படி, ஏனென்றால் இதைத்தான் இப்போது எல்லோரும் எனக்கு எதிராகத் திருப்புகிறார்கள். மாதவிலக்கு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், உலகத்தில் எந்தப் பெண்ணும் அதற்கு மேல் கேட்க மாட்டாள், அந்த அளவு புத்தி கழுதைக்குக்கூட இருக்கும். அவள் என்ன சொன்னாள் தெரியுமா, உம்மு அதீப் காதில் விழும்படி நிறுத்தி நிதானமாக, "சரி உம்மா, நீங்க சொன்னீங்கன்னு எறங்குறேன்" என்றாள். செருப்பைக் கழற்றி, இரண்டையும் சேர்த்து வைத்துவிட்டு நடந்தாள்.

ஹியாம் நன்றாக மிதந்தாள், அதை மறைக்க மாட்டேன். தண்ணீர் இடுப்புக்கு வந்ததும் நாற்காலியில் உட்காருவது போலப் பின்னால் சாய்ந்து, காலைத் தூக்கி, சட்டைக்கை இரண்டையும் தோள் வரை சுருட்டிவிட்டுக்கொண்டாள். நான் கரையிலிருந்து கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தேன். பால் போன்ற தோல், ஒரு புள்ளி இல்லை, ஒரு செதில் இல்லை, ஒரு கீறல் இல்லை. எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது, உனக்கு ஏன் பொய் சொல்ல வேண்டும். "அக்கா, சாஞ்சு படுங்க, அதுவே தூக்கிக்கும்" என்று ஹியாம் சொல்வது கேட்டது. நவால் சாய்ந்தாள். முதலில் சத்தமே இல்லை. வாயை இறுக்கி மூடிக்கொண்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள், கை விரல்கள் மட்டும் விரிந்து விரிந்து மூடின. நான்கூட நன்றாகத்தான் மிதக்கிறாள் என்று நினைத்தேன். பிறகு ஒரு சத்தம் வந்தது பார், ஃபவ்வாஸ், அறுக்கும்போது கத்தி நழுவிவிட்டால் ஆடு போடுமே, அந்தச் சத்தம். எழுந்து நிற்கப் பார்த்தாள், அந்தத் தண்ணீர் காலைக் கீழே இறக்க விடுமா, துடித்த துடிப்பில் குப்புறப் புரண்டுவிட்டாள். முகம் உள்ளே போய்விட்டது. திரும்பத் தெரியாமல் அடித்துக்கொண்டாள். ஹியாம்தான் பாய்ந்து போய்த் தலைமுடியைப் பிடித்துத் திருப்பி, அக்குளில் கை கொடுத்துக் கரையை நோக்கி இழுத்து வந்தாள்.

நான் பாயிலிருந்து எழுந்து ஓடினேன், ஓடவில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதே. ஆனால் நான் போய்ச் சேருவதற்குள் அவள் முழங்கால் அளவு தண்ணீரில் எழுந்து நின்றுவிட்டாள், முதுகு உம்மு அதீப் பக்கம். எலுமிச்சை நிறத் துணி நனைந்து உடம்போடு ஒட்டிக்கொண்டதில் எல்லாம் தெரிந்தது. பழுத்த தழும்பு, கருத்த தழும்பு, புதிதாக வெடித்ததிலிருந்து துணியில் சிவப்பு பரவிக்கொண்டிருந்தது. கோடு கோடாக, ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்திலேயே இன்னொரு கோடு. இரட்டைக் கோடு எதனால் விழும் என்று இந்த ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை, ஆண்கள் தலைத்துணி மேல் இரண்டு சுற்றாக வைக்கிற கறுப்புக் கயிற்றைத் தவிர வேறு எதுவும் அப்படி விழாது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. இத்தனை நாள் மூடி வைத்ததை இந்த வீட்டார் முன்னாலா விரித்துக் காட்ட வேண்டும்? அவள் தோளைப் பிடித்து அழுத்தி, படுடி, திரும்பப் படு, தண்ணிக்குள்ளயே கெட, துணி கொண்டு வர்றேன் என்றேன். அழுத்தினேன், ஆமாம். முதுகு மறுபடியும் தண்ணீரில் பட்டது. அவள் அந்த இரண்டாவது முறை கத்தவில்லை, என் முகத்தைப் பார்த்தாள், அவ்வளவுதான். ஹியாம் என் கையை மணிக்கட்டோடு பிடித்துத் தட்டிவிட்டாள், இன்னும் என் வீட்டு வாசல் மிதிக்காத பெண், என் கையை.

பாறைக்கு அந்தப் பக்கத்திலிருந்து மர்ஸூக்கின் குரல் வந்தது, என்னாச்சு அத்தை என்று. ஒண்ணுமில்ல, கண்ணுல தண்ணி பட்டுடுச்சு என்றேன். இந்தக் கடற்கரையில் எல்லோருக்கும் நடப்பதுதான், யாரும் நம்பியிருப்பார்கள். உடனே ஹியாம் வகுப்பில் பாடம் நடத்துகிற குரலில், "கண்ணுல இல்ல, முதுகுல" என்று கத்தினாள். உம்மு அதீப் முட்டி வலிக்காரி, சேறும் சகதியுமாக எப்படி எழுந்தாள் என்றே தெரியவில்லை, நாங்கள் தேநீருக்கும் கை கால் கழுவவும் கொண்டு போயிருந்த நல்ல தண்ணீர் கேன்களை எல்லாம் ஒவ்வொன்றாகத் தூக்கி நவாலின் முதுகில் ஊற்றினாள். ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை. அன்றைக்கு யாரும் தேநீர் குடிக்கவில்லை, நான் கொண்டு போன சர்க்கரையும் புதினாவும் அப்படியே திரும்பி வந்தன. போர்வை பிடித்தார்கள், ஒரு முனையை நான் பிடிக்கப் போனபோது உம்மு அதீப், "நீங்க தள்ளி நில்லுங்க உம்மு ஃபவ்வாஸ், வெளிச்சத்த மறைக்கிறீங்க" என்றாள். நான் தள்ளி நின்றேன். பெண் பார்க்கப் போன இடத்தில் என்னை நிற்க வைத்து என் பெண்ணைப் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் மானக்கேடு. அவளைப் போர்வையில் சுற்றி டாக்ஸிக்கு அழைத்துப் போனார்கள். மர்ஸூக் குறுக்கே வந்து நின்று, "என் பொண்டாட்டிய எங்க கூட்டிட்டுப் போறீங்க" என்று கேட்டான், நியாயமான கேள்விதானே. உம்மு அதீப், "கழுவ. உப்பு காஞ்சா தோலு உரிஞ்சிடும், இல்ல, மிச்சத்த நீயே உரிச்சுக்கிறியா" என்றாள். மர்ஸூக் முகம் கறுத்துப் போய், "இது எங்க குடும்ப விஷயம், நீங்க இன்னும் சம்பந்தி ஆகல" என்று கையை ஓங்கினான். உன் வாப்பாவும், "எறங்குடி வண்டியிலேர்ந்து, ஊரு சிரிக்க வைக்காத" என்று சத்தம் போட்டார். நவால் இறங்கினாள். எனக்கு மூச்சு வந்தது, ஒரு வழியாகப் புத்தி வந்துவிட்டது என்று நினைத்தேன். இறங்கியவள் நேராக அபூ அதீபிடம் போய், அவர் மேலங்கியின் ஓரத்தை எடுத்து முடிச்சுப் போட்டு, "உங்க முகத்துல தஞ்சம் புகுந்துட்டேன் மாமா, இவங்ககிட்டேருந்தும் அவங்ககிட்டேருந்தும்" என்றாள். இவங்க என்றபோது மர்ஸூக்கைக் காட்டினாள், அவங்க என்றபோது எங்களை. பெற்ற தகப்பனையும் தாயையும் விரலால் காட்டினாள். அந்த வார்த்தையைச் சொன்ன பிறகு என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும், கொலைகாரன் வந்து சொன்னாலும் ஏற்றவர் தன் பிள்ளையைப் போலக் காக்க வேண்டும், பெரியவர்கள் கூடிப் பேசும் வரை புருஷன்கூட அவள் மேல் கை வைக்க முடியாது. அபூ அதீப் தன் ஒரு வார்த்தையைக் கொடுத்தார், "தஞ்சம்" என்றார். கதவைத் திறந்துவிட்டு, அவள் ஏறியதும் தானே சாத்திவிட்டு வண்டியை எடுத்தார். பாதி வெந்த கோழியோடு நாங்கள் நின்றோம்.

நான் பெண் எடுக்கப் போனேன், அவர்கள் என் பெண்ணை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ரொட்டிக் கடையில் இப்போது என்னைப் பற்றித்தான் பேச்சு. உன் வாப்பா ஊர்ப் பெரியவர்களை அழைத்துக்கொண்டு அபூ அதீப் வீட்டுக்குப் போனார். வழக்கப்படி காபியைக் கையில் வாங்கிக் குடிக்காமல் தரையில் வைத்து, கேட்டது கிடைத்தால்தான் குடிப்போம் என்றார்கள். அபூ அதீப், "காபிய மட்டும் இல்ல, என் டாக்ஸிய கேளுங்க, வீட்ட கேளுங்க. இந்தப் பொண்ண கேக்காதீங்க" என்றாராம். உன் வாப்பா கெஞ்சியிருக்கிறார், என் தகப்பன் காலத்திலிருந்து யாரும் எனக்கு முன்னால் காபியை ஆற விட்டதில்லை என்று. ஆறிவிட்டது. கடைசியில் பெரியவர்கள் சேர்ந்து, அவளுடைய அண்ணன் மூத்தவன், வெளிநாட்டில் இருக்கிறான், அவன் வார்த்தையும் வரட்டும், அதற்குப் பிறகு முடிவு சொல்கிறோம் என்று எழுந்துவிட்டார்கள். ஹியாம் ஆள் மூலம் எனக்கு ஒரு சேதி அனுப்பினாள், "உங்க மகன், தங்கச்சிய அந்த வீட்டுக்கு அனுப்ப மாட்டேன்னு எங்க வாப்பாவுக்கு எழுதட்டும். எழுதினா நிக்காஹ். எழுதலன்னா நான் அவரப் பாக்கவே இல்ல, அந்தக் கல்யாண வீட்டுக்கும் நான் போகல" என்று. எவ்வளவு திமிர் பார். உன் வாப்பா அன்றைக்கு வீட்டுக்கு வந்து, தலைக்கயிற்றைக் கழற்றி, வழக்கமாக மாட்டுகிற ஆணியில் மாட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, "கடலுக்குப் போகணும்னு சொன்னது யாரு" என்று கேட்டார். நான்தான் சொன்னேன், வேறு யார்.

ஆகவே மகனே, எல்லாம் உன் ஒரு வரியில் இருக்கிறது. தங்கையை அவள் புருஷன் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள் என்று அபூ அதீபுக்கு எழுது. அந்த டீச்சர் போனால் போகட்டும், ஊரில் பெண்ணுக்கா பஞ்சம், குட்டையாகவும் வாயில்லாமலும் ஒருத்தியை நான் பார்த்து வைக்கிறேன். உன் தங்கை மேல் இரக்கப்பட்டு வேறு மாதிரி எழுதிவிடாதே. அவள் அடி வாங்கினாள் என்று எனக்குக் கோபம் இல்லை, தண்ணீரில் இறங்கினாளே, அதற்குத்தான் கோபம். இப்போது யோசித்துப் பார்க்கும்போது வேண்டுமென்றேதான் இறங்கினாள் என்று தோன்றுகிறது. அந்தச் செருப்பைச் சேர்த்து வைத்த விதத்திலேயே தெரிகிறது. வாயால் சொன்னால் நான் திருப்பி அனுப்பிவிடுகிறேன் என்று முதுகால் சொன்னாள். உனக்கு நினைவிருக்கிறதா, நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது வருஷத்துக்கு ஒரு தடவையாவது அந்தக் கரைக்குப் போவோம். நீ தொப்பலாக நனைந்து ஓடி வந்து, உம்மா நீ மட்டும் ஏன் எறங்க மாட்டேங்குற, வா, தண்ணியே தூக்கிக்கும், பயப்படாத என்று என் கையைப் பிடித்து இழுப்பாய். எனக்குத் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது என்பேன். நீ நம்பினாய், நவால் நம்பினாள், என் அண்ணிமார்கள் நம்பினார்கள், பயந்தாங்கொள்ளி என்று கேலி செய்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன். அன்றைக்கு அவளைப் பிடிக்க முழங்கால் வரை இறங்கியதைத் தவிர, கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்தக் கடலில் என் கட்டைவிரல் நனைந்ததில்லை. மிதந்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரிய வேண்டாம். குடும்பம் நடத்துவது என்றால் இதுதான், இதைக்கூடக் கற்றுக்கொள்ளாத ஒருத்தியை நான் எப்படிப் பெற்றேன் என்றுதான் எனக்குப் புரியவில்லை.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே, தொழுகையை விடாதே. அல்லாஹ் உன் ஆயுளை நீளமாக்கி, நல்ல மனைவியையும் உன் சொல் கேட்கிற பிள்ளைகளையும் தந்து, என் கண் மூடுவதற்குள் உன்னை ஒரு தடவை காட்டுவானாக. ஒன்று மறந்துவிடாதே. குளிரில் கை வெடித்தபோது ஒரு களிம்பு வாங்கிப் பூசினேன், மறுநாளே ஆறிவிட்டது, கொஞ்சமும் எரியவில்லை என்று எழுதியிருந்தாயே, அதில் இரண்டு குழாய் யாரிடமாவது கொடுத்து அனுப்பு, பார்சலில் போட்டால் உன் வாப்பா பிரிப்பார். எரியாததாகப் பார்த்து வாங்கு. கூடவே நீளமான காம்பு வைத்த தூரிகை மாதிரி ஏதாவது கிடைத்தால் அதையும் வை, கை எட்டவில்லை. நவாலுக்கு என்று நினைத்துக்கொள்ளாதே. அவளுக்குப் பூசிவிட அங்கே ஆள் இருக்கிறது.

இப்படிக்கு,
உன் உம்மா